தொலைவிலிருந்து செவிக்குத் துணை

ஐம்புலன்களுள் கண்ணுக்கு இருக்கும் மதிப்பு காதுக்கு இல்லை. கண் மங்கினால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். காது மந்தமானாலோ, "கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்" என்று சொல்லிக்கொண்டே பத்து வருடங்களைக் கடத்தி விடுகிறோம். இத்தனைக்கும் திருவள்ளுவர் "கேள்வி" என்று ஒரு தனி அதிகாரம் வகுத்து, காதின் வழியாக வரும் செல்வத்துக்கே முதலிடம் கொடுத்தார். அந்தச் செல்வத்தை அடையும் வாசலே அடைபட்டுக் கிடப்பவர்கள் உலகில் எத்தனை பேர் தெரியுமா? உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட செவிப்புலன் பற்றிய அறிக்கையின்படி, ஏதேனும் ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் சுமார் 150 கோடிப் பேர். இவர்களுள் 43 கோடிப் பேருக்குக் கருவியோ பயிற்சியோ சிகிச்சையோ கட்டாயம் தேவை. இவர்களில் பெரும்பாலோர் வாழ்வது குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில். காது வைத்தியர்களும் செவித்திறன் வல்லுநர்களான ஆடியாலஜிஸ்டுகளும் இருப்பதோ பெரிய நகரங்களில்.

நோயாளி ஓரிடத்திலும் வல்லுநர் வேறிடத்திலும் இருக்க, நடுவே உள்ள தூரத்தைக் கம்பியாலும் கம்பியில்லாத் தொடர்பாலும் கடந்து, காதைச் சோதித்துக் கருவி பொருத்திப் பயிற்சியும் கொடுப்பதைத்தான் "டெலி ஆடியாலஜி" என்கிறார்கள். நாம் இதைத் தொலைவழிச் செவி மருத்துவம் என்று சொல்லலாம். கேட்பதற்குப் பெரிய சங்கதியாகத் தோன்றினாலும், இதன் உள்விவரங்கள் மிகச் சுவையானவை.

முதலில் காது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம். வெளிக்காது ஒலியைத் திரட்டி உள்ளே அனுப்ப, செவிப்பறை அதிர்கிறது. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவில் சுமார் 15,000 உரோம அணுக்கள் திரவத்தின் அலைக்கு ஏற்ப அசைந்து, ஒலியை மின்துடிப்பாக்கி, நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. வெளிக்காதிலோ நடுக்காதிலோ அழுக்கு, சீழ், ஓட்டை என்று கோளாறு இருந்தால் பெரும்பாலும் வைத்தியத்தால் சரி செய்யலாம். உரோம அணுக்கள் அழிந்தாலோ மறுபடி முளைப்பதில்லை. அப்போது கருவிதான் வழி.

மந்தமான காதுக்கு உலகம் எப்படிக் கேட்கும்? நாங்கள் வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி மெல்லிய குரலில் வாசிக்க வாசிக்கச் சொல்வதெழுதினோம். குரல் கேட்கத்தான் செய்தது, சொற்கள்தான் பிடிபடவில்லை. "பட்டு" என்று வாசித்ததைச் சிலர் "கட்டு" என்றும், சிலர் "தட்டு" என்றும் எழுதியிருந்தார்கள். "சொல்" என்பது "கொல்" ஆகிவிட்டது! நெடில்கள் தப்பிப் பிழைத்தன. சொல்லின் முதலில் நிற்கும் வல்லின மெய்களே முதலில் தொலைந்தன. காது மந்தமான பிள்ளை வகுப்பில் தினமும் எழுதும் சொல்வதெழுதல் இதுதான். அதற்கு "கவனமில்லாதவள்" என்ற பட்டமும் கிடைக்கிறது.

பிறவியிலேயே கேளாத குழந்தையின் நிலை இதைவிடக் கடினம். அதற்கு "பட்டு" என்றும் "கட்டு" என்றும் சொற்கள் இருப்பதே தெரியாது. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே கேட்கத் தொடங்கி விடுகிறது. பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை மொழியை வேகமாக உறிஞ்சிக் கொள்கிறது. அந்தக் காலம் கழிந்த பின் எவ்வளவு உயர்ந்த கருவியைப் பொருத்தினாலும் இழந்ததை முழுவதும் பிடிக்க முடிவதில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் நடந்து, 1998-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் நன்றாக முன்னேறியதைக் காட்டியது. அதனால்தான் ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவான சோதனை, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று வல்லுநர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப்புறங்களில் நடப்பதென்ன? குழந்தை இரண்டு வயதாகியும் பேசவில்லை என்று தாய் கவலைப்பட்டால், "இவன் அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான், சும்மா இரு" என்பார் பாட்டி. பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. கேளாத குழந்தையும் சிரிக்கும், அழும், கதவு அதிர்ந்தால் திரும்பிப் பார்க்கும். கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடிய குறையன்று இது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள நம் பகுதியில் பிறவிச் செவிடு கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மாமன் மகன், அத்தை மகள் என்று பேசி வைக்கும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்வது எளிதல்ல என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பெண்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

சரி, தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவர் கொல்லிமலையில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். மலையிறங்கும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ வந்து சேர்ந்தால், குழந்தை அசந்து தூங்கினால்தான் சோதனை நடக்கும். பஸ்ஸில் தூங்கிய குழந்தை ஆஸ்பத்திரியில் தூங்குமா? "இன்னொரு நாள் வாருங்கள்" என்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகும். கணவருடன் வந்தால் இரண்டு நாள் கூலி. முதல் சோதனை, மறு சோதனை, காதுக்கு அச்சு எடுத்தல், கருவி பொருத்துதல், அதைச் சரி செய்தல், வாராவாரம் பேச்சுப் பயிற்சி என்று எண்ணிப் பார்த்தால், மூன்றாவது பயணத்தோடு அந்தக் குடும்பம் நின்று விடுவதில் வியப்பில்லை. பிள்ளையின் மேல் பாசம் இல்லாமல் அவர்கள் நிற்கவில்லை. தூரம்தான் நிறுத்தி விடுகிறது.

இந்தத் தூரத்தைக் குறைக்க உதவும் கருவிகளைப் பார்ப்போம். முதலாவது, காதின் எதிரொலியைக் கேட்கும் கருவி. 1978-ஆம் ஆண்டு லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி ஓர் அதிசயத்தைக் கண்டறிந்தார். காதுக்குள் ஒலியைச் செலுத்தினால், நலமுள்ள காக்ளியா மிக மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி வெளியே அனுப்புகிறது! காது கேட்பதற்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்த நமக்கு, அது பேசவும் செய்கிறது என்பது புதுமையல்லவா? குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்தால் சில நிமிடங்களில் அந்த எதிரொலியைக் கருவி பிடித்து, "தேறியது" என்றோ "மறு சோதனை தேவை" என்றோ காட்டி விடும். இதைக் கையாளப் பெரிய பட்டம் தேவையில்லை. பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பணியாளரே வீடு வீடாகச் சென்று செய்யலாம்.

இதில் தேறாத குழந்தைக்கு அடுத்தது "பெரா" எனப்படும் சோதனை. நெற்றியிலும் காதின் பின்புறமும் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் "டிக் டிக்" என்று ஒலியைச் செலுத்துவார்கள். நரம்பு வழியே மூளைத்தண்டுக்கு ஏறும் துடிப்புகள் திரையில் அலைகளாகத் தெரியும். எவ்வளவு மெல்லிய ஒலி வரை அந்த அலை வருகிறது என்று பார்த்தால், குழந்தை தூங்கிக்கொண்டே தன் கேட்கும் அளவைச் சொல்லி விடும். ஆனால் அலைகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வல்லுநர் வேண்டும். இங்கேதான் தொலைவழி உதவுகிறது. ஊரில் பணியாளர் மின்முனைகளை ஒட்டுவார். நகரத்தில் உள்ள வல்லுநர் தம் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஊர்க் கம்ப்யூட்டரையே இயக்கி, ஒலியைக் கூட்டியும் குறைத்தும் அலைகளைப் பார்த்துக்கொள்வார்.

இவ்விடத்தில் எங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. டெலிபோனில் பேசும்போதே குரல் கரகரக்கிறதே, அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பும் ஒலியை வைத்து எப்படிக் காதைச் சரியாக அளக்க முடியும்? விடை மிக எளிது. ஒலி தொலைவிலிருந்து வருவதே இல்லை! அளவு சரிபார்க்கப்பட்ட கருவி நோயாளியின் பக்கத்திலேயே இருக்கிறது. ஒலியும் அங்கேதான் பிறக்கிறது. "ஆயிரம் ஹெர்ட்ஸ், நாற்பது டெசிபல், வலது காது" என்ற கட்டளை மட்டுமே தொலைவிலிருந்து பயணம் செய்கிறது. கட்டளை ஒரு விநாடி தாமதமாக வந்தாலும் ஒலியின் அளவு மாறாது. தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீ வெட் ஸ்வானபூலும் அவரது குழுவினரும் இதைக் கண்டம் விட்டுக் கண்டம் சோதித்தார்கள். வல்லுநர் அமெரிக்காவின் டல்லஸ் நகரில். சோதிக்கப்பட்ட 30 பேரும் பிரிட்டோரியாவில். இடையே 14,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். நேரில் செய்த சோதனைக்கும் இதற்கும் கருதத்தக்க வேறுபாடு இல்லை என்று 2010-இல் அறிவித்தார்கள்.

தூரத்தைக் கடக்க வேறொரு வழியும் உண்டு. இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே இருக்க வேண்டிய அவசியமில்லாத வழி அது. காதுக்குள் பார்க்கும் சிறு காமிராவால் செவிப்பறையைப் படமெடுத்து, நோயாளியின் விவரத்தோடு அனுப்பி வைத்தால், டாக்டர் தமக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துப் பதில் எழுதுவார். தபால் மாதிரிதான், தபால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது, அவ்வளவே. இந்த முறை பெரும் பயன் அளித்த இடம் எதுவென்று தேடினால், உலகப் படத்தின் மேல் மூலையில் பனி மூடிய அலாஸ்கா வருகிறது.

அலாஸ்கா நம் தமிழ்நாட்டைப் போலப் பதின்மூன்று மடங்கு பெரியது. மக்கள் தொகையோ ஏழு லட்சத்தை ஒட்டியது. பூர்வகுடி மக்கள் வாழும் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. சிறு விமானம், படகு, பனியில் சறுக்கும் வண்டி இவற்றில்தான் போக வேண்டும்; பனிப்புயல் வந்தால் எதுவும் போகாது. அங்குள்ள பிள்ளைகளுக்குச் சளியும் காதுச் சீழும் அதிகம். காது நிபுணர் ஆங்கரேஜ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். மேற்குக் கரையில் உள்ள நோம் என்ற ஊரிலிருந்து அங்கே செல்ல 850 கிலோமீட்டர் பறக்க வேண்டும். நோமைச் சுற்றியுள்ள சிற்றூர்க்காரர்கள் முதலில் நோமுக்கே ஒரு விமானம் பிடிக்க வேண்டும்!

ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஊருக்கு ஊர் அந்த ஊர்க்காரரையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, சமுதாய நல உதவியாளராக அமர்த்தியிருந்தார்கள். முன்பு காசநோய் பரவியபோது வீடுகளுக்கு மாத்திரை கொடுக்கத் தொடங்கிய தொண்டர்களே வளர்ந்து 1968 முதல் முறையான ஊழியரானார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி இவர்களுக்கு ஒரு தள்ளுவண்டி கொடுக்கப்பட்டது. அதில் கம்ப்யூட்டர், காதைப் படமெடுக்கும் காமிரா, நடுக்காதின் அழுத்தத்தை அளக்கும் கருவி முதலியவை இருக்கும். உதவியாளர் பிள்ளையின் காதைப் படமெடுத்து அனுப்ப, ஆங்கரேஜிலுள்ள டாக்டர் அதைப் பார்த்து, "இந்தச் சொட்டு மருந்து போதும்", "இதற்கு ஆப்பரேஷன் வேண்டும், நேரே தேதி தருகிறோம்", "ஒன்றும் இல்லை, பயணம் வேண்டாம்" என்று பதில் எழுதுவார். சீழ் கட்டிய காதில் சிறு குழாய் வைத்து ஆப்பரேஷன் செய்த பிள்ளைகளுக்கு, குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே ஒரு விமானப் பயணம் தேவைப்பட்டது. படத்தைப் பார்த்தே அதைச் சொல்ல முடியும் என்று ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள்.

பலன் என்ன? நோம் பகுதியின் 1992 முதல் 2007 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 2010-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முன்பு புதிதாகக் காது நிபுணரைப் பார்க்க வேண்டியவர்களுள் நூற்றுக்கு 47 பேர் ஐந்து மாதமோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள். தொலைவழி வந்த முதல் மூன்று ஆண்டுகளில் அது நூற்றுக்கு 8 ஆகவும், அடுத்த மூன்று ஆண்டுகளில் 3-க்கும் குறைவாகவும் இறங்கியது. நேரில் வரத் தேவையில்லாதவர்கள் வரிசையிலிருந்து விலகியதால், தேவையுள்ளவர்களுக்கு இடம் கிடைத்தது என்பதே இதன் ரகசியம். அதே பகுதியின் 15 ஊர்ப் பள்ளிகளில் 2017 முதல் 2019 வரை இன்னொரு பெரிய சோதனையும் நடந்தது. பள்ளிச் சோதனையில் தேறாத பிள்ளைகளின் வீட்டுக்கு வழக்கம்போலக் கடிதம் மட்டும் கொடுத்து அனுப்பிய ஊர்களில், மூன்றில் ஒரு பங்கினர்தாம் மேல் சிகிச்சைக்குப் போனார்கள். பள்ளியிலேயே தொலைவழியாக நிபுணரிடம் காட்டிய ஊர்களிலோ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது கிடைத்தது. பள்ளியில் கொடுக்கும் கடிதம் பையின் அடியில் கசங்கிக் கிடப்பது அலாஸ்காவிலும் உண்டு போலும்!

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அங்குள்ள பூர்வகுடிப் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது மிக அதிகம். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் செர்பர்க் என்னும் ஊரில், 2009 முதல் ஒரு வேன் பள்ளிக்குப் பள்ளி சென்று பிள்ளைகளின் காதைச் சோதித்துப் படங்களை பிரிஸ்பேன் நகரத்து டாக்டர்களுக்கு அனுப்பியது. வேனை நடத்தியவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர். யாரோ அந்நியர் காதைக் குடைந்தால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்?

இங்கே டெலிபோனின் வரலாற்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1876-இல் டெலிபோனுக்கு உரிமை பெற்ற கிரகாம் பெல், தொழிலால் காது கேளாதவர்களின் ஆசிரியர். அவருடைய தாய்க்குக் காது மந்தம். மனைவி மேபலுக்கோ ஐந்து வயதில் வந்த செங்காய்ச்சலால் கேட்கும் திறனே போய்விட்டது. சைகை மொழியைப் பெல் விரும்பவில்லை; அது வேறொரு கதை. 1879-இல் ஹியூஸ் என்பவர் டெலிபோன் ரிசீவரைக் கொண்டு கேட்கும் திறனை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார். இன்று ஒலியின் அளவை "டெசிபல்" என்று பெல்லின் பெயராலேயே சொல்கிறோம். இவ்வளவு உறவிருந்தும், டெலிபோன் வந்த பின் காது கேளாதவர்களுக்கு நேர்ந்ததென்னவோ தனிமைதான். மற்றவர்கள் எல்லாம் கம்பி வழியே பேசிக்கொள்ள, அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத விஞ்ஞானி 1964-இல் டெலிபோன் வழியே எழுத்துகளை அனுப்ப வழி செய்யும் வரை இந்நிலை நீடித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம், தொலைவில் உள்ளவர்களுக்கு இன்டர்நெட் வழியாகச் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் அளிக்கிறது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் செவித்திறன் வல்லுநர்கள், கிராமத்துப் பணியாளர்களுக்கு எதிரொலிக் கருவியைப் பயிற்றுவித்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஊரிலேயே சோதிக்கச் செய்தார்கள். தேறாத குழந்தைகளுக்கு ஒரு வேன் ஊருக்கே வந்தது. வேனுக்குள் குழந்தை தாய் மடியில் தூங்க, சென்னையிலிருந்து வல்லுநர் "பெரா" சோதனையை நடத்தினார். வெறும் பள்ளிப்படிப்போடு நின்ற கிராமத்துப் பெண்களால் இந்தக் கருவியைச் சரிவரக் கையாள முடியுமா என்பதையும் அவர்கள் முறைப்படி ஆராய்ந்து, முடியும் என்று கண்டார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அலாஸ்கா கணக்கைப் படித்தபோதுகூட ஏற்படவில்லை.

கருவியால் பயன் பெறாத குழந்தைகளுக்கு "காக்ளியர் இம்பிளான்ட்" என்ற ஆப்பரேஷன் உண்டு. உரோம அணுக்களுக்குப் பதிலாக, உட்காதில் வைத்த மெல்லிய மின்முனைகளே நரம்பைத் தூண்டும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் இது இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் ஆப்பரேஷன் முடிந்ததும் குழந்தைக்குக் காது கேட்டு விடும் என்று எண்ணுவது தவறு. சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கி, ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் குழந்தைக்குக் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவுக்கு மேல் போனால் கூசுகிறது என்று அளந்து பதிய வேண்டும். இதை "மேப்பிங்" என்கிறார்கள். முதல் ஆண்டில் இதைப் பல தடவை செய்ய வேண்டும். கூடவே ஓராண்டுக்கு மேல் பேச்சுப் பயிற்சி. லட்சக்கணக்கான ரூபாய் பெறும் ஆப்பரேஷன் இலவசம். ஆனால் அதற்குப் பின் வரும் பஸ் கட்டணமும் இழக்கும் கூலியும் அந்தக் குடும்பத்தின் தலையில். மேப்பிங்குக்குப் போக முடியாமல் கருவியைப் பீரோவில் பூட்டி வைத்தால், செலவழித்த அவ்வளவும் வீண்தானே?

அதனால் தொலைவழிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை என்பது எங்கள் எண்ணம். பக்கத்து ஊர் மையத்தில் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து விட்டால், வல்லுநர் நகரத்திலிருந்தே மின்சார அளவுகளைத் திருத்தலாம். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் ஒரு நிறுவனத்தின் கருவிக்கு இப்படித் தொலைவிலிருந்து அளவு திருத்த அனுமதி கொடுத்தது. பேச்சுப் பயிற்சியோ இன்னும் எளிது. 2020-இல் கொரோனாவால் எல்லாம் அடைபட்ட காலத்தில் செல்போன் திரை வழியே இது பரவலாக நடந்தது. அதில் ஒரு எதிர்பாராத நன்மையும் விளைந்தது. மையத்தில் ஆசிரியை குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பார், தாய் ஓரமாய் அமர்ந்திருப்பார். திரை வழியிலோ தாய்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆசிரியை தாய்க்கு வழி காட்டுவார். சட்டியும் கரண்டியும் கோழியும் பாடப் பொருளாயின. "கோழி எங்கே? 'கொக் கொக்' கேட்கிறதா?" என்று கேட்கும்போது கோழி அங்கேயே இருக்கும்!

கத்தோலிக்கப் பள்ளி மாணவிகளாகிய எங்களுக்கு நற்செய்தியில் வரும் இரண்டு புதுமைகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. மாற்கு நற்செய்தியில், காது கேளாத மனிதனை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, அவன் காதில் விரலை இட்டுத் தொட்டுக் குணமாக்குகிறார். நூற்றுவர் தலைவனின் ஊழியனையோ வீட்டுக்கே போகாமல், இருந்த இடத்திலிருந்தே குணமாக்குகிறார். காது கேளாதவர்களின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியாரும், மார்ட்டின் என்ற காது கேளாத மனிதனுக்குச் சைகையாலேயே ஞானோபதேசம் கற்பித்தவர். காது வைத்தியத்தில் தொடுகையும் வேண்டியிருக்கிறது. தொலைவிலிருந்து செய்வதும் முடிகிறது. எது எங்கே என்று தெரிந்து கொள்வதில்தான் திறமை இருக்கிறது.

ஏனெனில் தொலைவழியால் முடியாதவை பல உண்டு. காது அழுக்கைக் கம்பி வழியே எடுக்க முடியாது. முதலில் அதை எடுக்காவிட்டால் செவிப்பறையின் படமும் தெரியாது, சோதனையும் சரி வராது. காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகாலும் கொண்டை ஊசியாலும் குடைவது முதலியவற்றை நாம் விட்டாலே பாதி வேலை குறையும். அடுத்தது இரைச்சல். கேட்கும் அளவைச் சோதிக்க அமைதியான அறை வேண்டும். நம் ஊரில் அமைதியான அறைக்கு எங்கே போவது? ஒரு பக்கம் விசைத்தறி, ஒரு பக்கம் மாவு மில், ஆடி மாதமென்றால் கேட்கவே வேண்டாம், ஒலிபெருக்கி. இதற்காகக் காதை இறுக மூடும் ஹெட்போனும், இரைச்சல் கூடினால் சோதனையை நிறுத்தச் சொல்லும் கருவியும் வந்திருக்கின்றன. சிக்னலோ மலையூர்களில் மழை பெய்தால் போய் விடுகிறது. படத்தை எடுத்து வைத்து, பின்னர் அனுப்பும் தபால் முறை அங்கெல்லாம் கைகொடுக்கும்.

முதியவர்களைப் பற்றியும் கூற வேண்டும். காது மந்தமான தாத்தாவிடம் டெலிபோனில் அவர் காதைப் பற்றி விசாரிப்பது எவ்வளவு வேடிக்கை! "என்ன? என்ன?" என்பதே பதிலாக வரும். ஆகவே திரையில் வல்லுநரின் முகமும் உதடும் நன்றாகத் தெரிய வேண்டும். சொல்வதை எழுத்திலும் காட்ட வேண்டும். பேத்தியோ பேரனோ பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றை, தாத்தா வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே வல்லுநர் செல்போன் வழியாகத் திருத்தி விடலாம். ஆஸ்பத்திரி அறையில் எல்லாம் நன்றாகத்தான் கேட்கும். டீக்கடையில்தானே தொல்லை தெரியும்? தொல்லை தரும் இடத்திலேயே இருந்துகொண்டு திருத்திக் கொள்வது வசதியல்லவா? தங்களுக்குச் சந்தேகம் இருந்தால் முதலில் தாங்களே சோதித்துக் கொள்ள, உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் செல்போனில் இயங்கும் இலவசச் சோதனை ஒன்றை வெளியிட்டது. இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்லும். கேட்டதை அழுத்த வேண்டும். விளையாட்டுப் போலிருக்கும்.

எல்லாக் காது கேளாதவர்களும் கருவியை விரும்புவதில்லை என்பதையும் இங்கே கூற வேண்டும். சைகை மொழியே தங்கள் தாய்மொழி என்று வாழ்பவர்கள் உண்டு. அது குறைவுபட்ட மொழியும் அல்ல. பாளையங்கோட்டையில் 1897-இல் செல்வி பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி முதலாகத் தமிழ்நாட்டில் அவர்களுக்கான பள்ளிகள் இருந்து வருகின்றன. எந்த வழியானாலும் குழந்தைக்கு ஒரு மொழி விரைவில் கிடைக்க வேண்டும். அதற்கு விரைவில் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டிலோ தெருவிலோ குழந்தைக்குச் சந்தேகம் இருந்தால் எங்கே கேட்பது? 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் பிறவிச் செவிடும் சேர்க்கப்பட்டுள்ளது. அத்திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். அவர்கள் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். குழந்தையின் காதில் கருவி நிற்க, அதன் காதின் வடிவத்திலேயே ஓர் அச்சு செய்ய வேண்டும். குழந்தை வளர வளரக் காதும் வளர்வதால், முதல் வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புது அச்சு தேவை. அச்சு தளர்ந்தால் கருவி "கீ" என்று கத்தும். தாய் கழற்றி வைத்து விடுவார். அச்சு எடுத்த பின் அதைத் தபாலிலோ பஸ் பார்சலிலோ நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பெற வேண்டும். இப்போது சில இடங்களில் அச்சை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்புகிறார்கள். பஸ் பார்சலுக்கு ஆகும் நாட்கள் மிச்சம். ஆனாலும் அழுகிற குழந்தையின் காதில் பஞ்சை வைத்து, அச்சுக் களிம்பை நிரப்பி, அது இறுகும் வரை தலை அசையாமல் பிடித்துக்கொள்ள, அந்த ஊரிலேயே கைப்பழக்கமுள்ள ஒருவர் இருந்தாக வேண்டும்.